பறந்து முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கு: கேபின் க்ரூ வேலைக்குப் பிறகு என்ன செய்வது?

எங்கள் ஐயா (தாத்தா) மூன்று வருடத் தவணையில் பினாங்குக்கு வேலைக்குப் போய் வந்தவர், அந்தத் தவணையைக் ‘கணக்கு’ என்பார்கள். ஒவ்வொரு கணக்கும் முடிந்து ஊர் வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பட்டாலையில் உட்கார்ந்து ஐந்தொகை எழுதுவாராம். அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொண்டு போனது எவ்வளவு, கொண்டு வந்தது எவ்வளவு, வரவேண்டியது யாரிடம், தரவேண்டியது யாருக்கு. நானும் மூன்று வருட ஒப்பந்தத்தில்தான் வளைகுடாவுக்குப் பறக்கப் போனேன். மூன்று ஒப்பந்தம் முடித்துத் திரும்பியபோது என்னிடம் இருந்தது இரண்டு பெட்டி, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மைகள் ஒரு பை, எந்நேரம் தூங்கும் என்று தெரியாத ஓர் உடம்பு. ஐந்தொகை எழுத எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

இந்த வேலையில் எப்படிச் சேர்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி வெளியே வருவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து பறக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் மட்டுமல்ல, போன மாதம் சேர்ந்தவர்களும் படிக்கலாம். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

முதலில் தேதியைக் குறியுங்கள்

ஒரு காலத்தில் தேதியை நிறுவனமே குறித்துக் கொடுத்தது. ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு, சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும், முதல் கர்ப்பத்திலேயே வேலை போகும் என்று விதிகள் இருந்தன. விமானப் பணிப்பெண் நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. கல்யாண விதியை அப்போதும் விட்டுவைத்தது என்பதை இன்று படித்தாலும் எனக்குக் கோபம் வரும்.

இப்போது காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. புதுப்பிக்காமல் விட்டால் அதுதான் ஓய்வு. ஆகவே தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கும்போது மனசு சலித்த நாளைப் பார்க்காமல் நாட்காட்டியைப் பாருங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். இந்தியாவில் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தை நான்கு வருடம் ஐந்து மாதத்தில் விட்டேன். வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன். அப்போது எனக்கு கிராஜுவிட்டி என்ற சொல்லே தெரியாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு முடித்தாலே விகிதப்படி கிராஜுவிட்டி உண்டு என்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என இன்றே எடுத்துப் பாருங்கள். இத்தனை காலம் விலகமாட்டேன் என்று பாண்ட் எழுதிக் கொடுத்திருந்தால் அது முடியும் தேதியையும் நோட்டீஸ் காலத்தையும் அதன் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

ஐந்தொகை

இந்த வேலையில் கையில் வாங்கும் சம்பளம் ஒன்று, கணக்கில் ஏறும் சம்பளம் வேறு. கைக்கு வருவதில் பெரும்பங்கு பறந்த மணிக்கான படி, வெளியூரில் தங்கிய படி. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் 2025 நவம்பர் வரை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் பேசின; புதிய தொகுப்பில் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சுவதையும் சம்பளமாகக் கூட்ட வேண்டும். இது புரியாமல் பத்து வருடம் ஓட்டுகிறோம்.

2025 நவம்பர் வரை இருந்த கிராஜுவிட்டிக் கணக்கு எளிது. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 20,000, ஆறு வருடப் பணி என்றால் 69,230 ரூபாய் வரும். மாதம் அறுபதாயிரம் எழுபதாயிரம் வாங்கிப் பழகிய கைக்கு அது ஒரு மாதச் சம்பளம்தான்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை என்றால் கணக்கு வேறு. ஓராண்டு முடித்த பிறகு, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படை 4,000 திர்ஹாம், ஏழு வருடம் என்றால் 22,000 திர்ஹாம். பணி முடிந்து 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். சிங்கப்பூர் நிறுவனத்தில் இருப்பவர்கள் மத்திய சேம நிதியை நம்ப வேண்டாம். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான்.

பி.எஃப். பாஸ்புத்தகத்தைத் திறந்து பென்ஷன் என்ற பத்தியைப் பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக வேலையில் சேர்ந்து, அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அந்தப் பத்தி காலியாக இருக்கும். உங்களுக்கு பென்ஷன் திட்டமே கிடையாது, பணம் முழுவதும் பி.எஃப். பக்கம் போகிறது என்று பொருள். பத்தியில் தொகை ஏறிக்கொண்டிருந்தால் பத்து ஆண்டுப் பணி முடிந்தபின் 58 வயதில் பென்ஷன் வரும். எவ்வளவு? 15,000ஐ பத்தால் பெருக்கி 70ஆல் வகுங்கள். மாதம் 2,142 ரூபாய். 50 வயதிலேயே வேண்டுமென்றால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். அப்பத்தாவிடம் இந்தத் தொகையைச் சொன்னபோது, “மாசத்துக்கா, வாரத்துக்கா?” என்று கேட்டார்கள்.

சின்னத் தொகைதானே என்று வேலையை விட்டவுடன் பி.எஃப்.பை எடுத்துவிடாதீர்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரி பிடிப்பார்கள். அடுத்த வேலைக்குப் போனால் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) சேர்த்துக்கொள்ளலாம், பணி ஆண்டுகளும் கூடும். நான் எடுத்து வளையல் வாங்கினேன். வளையல் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து மொத்தமாக ஊர் திரும்புகிறவர்கள் வங்கிக்குப் போய் என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான வங்கிக் கணக்கு) உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. நீங்கள் சட்டப்படி இங்கே குடியிருப்பவர் ஆனபின் அந்த வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. பல வருடம் வெளியே இருந்தவர்களுக்கு, நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று முழுமையாகக் கருதப்படாத இடைக்காலம் ஒன்று வரிச் சட்டத்தில் உண்டு. அது பொருந்தினால் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கிடையாது. காரைக்குடியில் ஆடிட்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை கட்டணம் கொடுத்து உட்கார்ந்து கேளுங்கள்.

காகிதங்கள்

வெளியே வந்தபிறகு எதுவும் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியை அன்று மாலையே முடக்கிவிடுவார்கள். பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, பறந்த மணிக் கணக்கு, பாதுகாப்பும் அவசரகால நடைமுறையும் குறித்த பயிற்சிப் பதிவு, முதலுதவிச் சான்று, அபாயப் பொருள் பயிற்சிச் சான்று, மருத்துவ அறிக்கைகள் எல்லாவற்றையும் கடைசி மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அபாயப் பொருள் சான்று இரண்டு ஆண்டுதான் செல்லும், எனவே தேதி தெரிகிற மாதிரி நகல் எடுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் கிளம்பும் முன் அந்த நாட்டுக் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழையும் வாங்கிவிடுங்கள். பிறகு கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்தால் கேட்பார்கள். ஊரிலிருந்து வாங்குவது பெரிய அலைச்சல். கிரெடிட் கார்டை முழுக்க அடைத்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். இந்திய நிறுவனத்தின் குழுக் காப்பீடாக இருந்தால் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். விடுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். மாறாமல் புதிதாக எடுத்தால் பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம்.

முதல் மூன்று மாதம்

எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உடம்பு இன்னும் தரை இறங்கவில்லை.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போல. கொடைக்கானலில் நின்றுகொண்டு வேலை பார்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பாலைவனத்தைவிட வறண்ட காற்றில். இரவு மாறி மாறி வேலை செய்வதை, புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதத் தக்கது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. அமெரிக்க விமானப் பணியாளர்களை வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய் உட்படச் சில புற்றுநோய்கள் பொது மக்களைவிட இவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. பயமுறுத்தச் சொல்லவில்லை. பத்து வருடம் பறந்தவர் என்று மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள், மார்பகப் பரிசோதனை, தோல், காது, முதுகு, கால் நரம்பு எல்லாம் பார்த்துவிடுங்கள். நான் சொன்னபோது மருத்துவர், “ஏர் ஹோஸ்டஸா? அப்ப டயர்ட்தான்” என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு மருத்துவரிடம் போனேன்.

தூக்கம் எனக்குச் சரியாக ஐந்து மாதம் ஆயிற்று. விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து வளவில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள்.

“காபி ஊத்துற வேலைதானே?”

இனி வேலை தேடும் கட்டம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்தும் ஆச்சி ஒருவரைப் பார்க்கப் போனேன்.

“பிளேன்ல என்னத்தா பண்ணுவீங்க? காபி ஊத்துற வேலைதானே?”

“ஆமா ஆச்சி, சாப்பாடு குடுப்போம், அப்புறம்...”

“அதுக்கு எங்கிட்ட ஆளு இருக்கு.”

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே என் வேலையை அப்படித்தான் சொன்னேன். விமானம் சான்று பெற வேண்டுமானால் பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். அந்தக் கதவருகே நிற்பது நாம். தீயணைப்பு, இதயம் நின்றவருக்கு மார்பழுத்தம், அபாயப் பொருள் கண்டறிதல், குடித்துவிட்டுக் கத்துகிறவரைக் கை ஓங்காமல் உட்காரவைப்பது, இவ்வளவுக்கும் ஆண்டுதோறும் தேர்வெழுதியிருக்கிறோம். இதைக் கேட்கிறவரின் மொழியில் சொல்ல வேண்டும்.

அடுத்த விடுதிக்குப் போனபோது மாற்றிச் சொன்னேன். “இருபது வெளிநாட்டுக்காரங்க ஒரே நேரத்துல வந்து, அதுல ரெண்டு பேருக்கு வேர்க்கடலை ஆகாது, ஒருத்தருக்கு சர்க்கரை இறங்கிருச்சு, சமையக்காரரு வரல. அன்னைக்கு என்னைக் கூப்பிடுங்க.” அன்றே வேலைக்கு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்தால் முதலுதவியையும் கோபக்கார உறவினர்களைக் கையாண்டதையும் முன்னால் வையுங்கள். தொழிற்சாலைக்கு என்றால் தீயணைப்பு, வெளியேற்றப் பயிற்சி. கல்லூரிக்கு என்றால் பயிற்சி கொடுத்த அனுபவம். ஒரே பயோடேட்டாவை எல்லா இடத்துக்கும் அனுப்புகிற பழக்கத்தை விடுங்கள்.

ஊரில் என்ன வேலை இருக்கிறது

விமானத் துறையிலேயே இருக்க வேண்டும் என்றால் நமக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம், மதுரையும் திருச்சியும். திருச்சியில் 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள், சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா என்று வெளிநாட்டு விமானங்கள் அதிகம். தரைப்பணி, பயணியர் சேவை, பாதுகாப்பு மேற்பார்வை வேலைகள் உண்டு. சம்பளம் பறந்தபோது வாங்கியதில் பாதிகூட வராது, தெரிந்தே போங்கள். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. ஜூபிடர் ஏர்வேஸ் என்று சொந்த விமான நிறுவனமே நடத்திய அழகப்பச் செட்டியார் பிறந்த மண் இது. அந்த ஓடுதளம் திறக்கப்போகிறது என்று அடிக்கடி பேச்சு அடிபடும். அதை நம்பி யாரும் ஊரில் காத்திருக்க வேண்டாம்.

பிளஸ் டூ முடித்தவுடன் பறக்கப் போனவர்கள் முதலில் பட்டத்தை முடியுங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி வாசல்படியிலேயே இருக்கிறது. பறந்துகொண்டிருக்கும்போதே சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது, அடுத்த விமானம் வரை தங்கவைக்கும் லேஓவர் ஓட்டல் அறையில் படிக்க நேரம் கிடைக்கும். பட்டம் இல்லாமல் பயிற்றுநர், மேலாளர் வேலைகளுக்கு மனுவே வாங்கமாட்டார்கள்.

உலகின் முதல் விமானப் பணிப்பெண் எலன் சர்ச் 1930இல் பறக்கத் தொடங்கியவர், அடிப்படையில் செவிலியர். பதினெட்டு மாதத்தில் கார் விபத்தில் அடிபட்டுப் பறப்பதை விட்டார். பட்டப்படிப்பை முடித்து மறுபடி செவிலியர் பணிக்கே போனார். கையில் முன்பே ஒரு தொழில் இருந்தது அவருக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. 35 வயதில் நான்கு வருட நர்சிங் படிப்பு எல்லோருக்கும் ஆகாது. ஆனால் முதலுதவிப் பயிற்றுநர் ஆகலாம். தொழிற்சாலைகளில் முதலுதவி பயின்ற ஆள் இருக்க வேண்டும் என்பது சட்டம், பள்ளிகளும் கேட்கின்றன. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இதற்குப் பயிற்சி தருகின்றன.

ஏர் ஹோஸ்டஸ் பயிற்சி மையங்களில் ஆசிரியராகவும் கூப்பிடுவார்கள். போகலாம், ஒரு நிபந்தனையோடு. கேபின் க்ரூவாகச் சேர எந்தத் தனியார் டிப்ளமோவும் கட்டாயமில்லை. தேர்வு செய்தபின் விமான நிறுவனமே பயிற்சி கொடுக்கிறது. இதைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்ல அந்த மையம் உங்களை விடுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டேன். இரண்டாம் நாள் போகவில்லை.

இன்சூரன்ஸ் ஏஜென்ட், ரியல் எஸ்டேட் என்றும் யோசனை வரும். உறவுக்காரர்களிடம் விற்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

சொந்த வீட்டில் விருந்தினர்

நம் பக்கத்துப் பழைய பெரிய வீடுகளைப் பார்த்துத் தங்கிப்போக நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டவர் வருவார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அதில் நிறைய. பறந்த காலத்தில் கொஞ்சம் பிரெஞ்சு கற்றுவைத்திருந்தால் இங்கே காசு. நான் வீட்டில் இரண்டு அறையை அவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன்.

முதல் படி அனுமதி அல்ல, பங்காளிகள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்கு எத்தனை, யார் யார் என்று தெரிந்தவரே குறைவு. ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் மலேசியாவில். அத்தனை பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு குழாயைக்கூட மாற்றாதீர்கள். எனக்குக் கையெழுத்து வாங்கவே பதினான்கு மாதம். கடைசிக் கையெழுத்தை ஒரு சாந்திக் கல்யாணப் பந்தியில் வாங்கினேன், அறுபது முடிந்த சித்தப்பாவுக்கு மறுக்கத் தோன்றவில்லை.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை பதியலாம், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள், ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிவந்த தங்குவோர் விவரப் படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வந்தாலும் நான் பாஸ்போர்ட்டை வாங்கி அப்போதே ஏற்றிவிடுவேன். ஆண்டு வரவு இருபது லட்சத்துக்குள் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ஏசி மாட்ட முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் துளை போடும்முன் பழைய கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒருமுறை பெயர்ந்தால் அந்த வழவழப்பு திரும்ப வராது. கோடையில் யாரும் வரமாட்டார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை சாப்பிட வேறு வழி வைத்திருங்கள். நான் அந்த மாதங்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி கொடுக்கிறேன்.

கடைசி நாளில் சீருடையைத் திருப்பிக் கொடுக்கும்போது உருப்படிக்கு உருப்படி ரசீது வாங்குங்கள். நான் வாங்கவில்லை. குளிர்கோட்டு ஒன்று வரவில்லை என்று இறுதிக் கணக்கில் பணம் பிடித்தார்கள். கொடுத்தேன் என்று சத்தியம் செய்தேன், மூன்று மின்னஞ்சல் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. போன வருடம் பெட்டியின் அடியில் அந்தக் கோட்டு கிடைத்தது. நம் ஊர் வெயிலில் அதை எதற்கு வைத்துக்கொள்வது? மார்கழியில் விருந்தினரை வரவேற்க விடிகாலை காரைக்குடி ரயிலடிக்குப் போகும்போது போட்டுக்கொள்கிறேன்.